குழாய் ரயிலும் உப்புப் படகும்: நம்ம ஓ.எம்.ஆரின் 'எதிர்கால' வரலாறு

போன கட்டுரை இட்லிப் பானையைப் பற்றியது. அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இந்த முறை போக்குவரத்து :-)

எல்லாம் ஒரு பேருந்து நிறுத்தத்தில்தான் ஆரம்பித்தது. சில வாரங்களுக்கு முன் ஒரு காலை, தாம்பரம் கிழக்கில் சிறுசேரி போகும் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. வந்த ஷேர் ஆட்டோக்கள் எல்லாம் மேடவாக்கத்தோடு சரி. பக்கத்தில் நின்ற ஓர் அக்கா, ஐ.டி. கம்பெனி ஒன்றில் துப்புரவு வேலை பார்ப்பவர், மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பத்து நிமிஷம் லேட்டானா அரை நாள் சம்பளம் போச்சு தம்பி" என்றார். நான் பொழுதுபோக்கக் கைப்பேசியைத் திறந்தேன். முதலில் வந்த வீடியோவின் தலைப்பு: சென்னை - பெங்களூர் முப்பதே நிமிடத்தில்!

ஹைபர்லூப். காற்றை உறிஞ்சி எடுத்த இரும்புக் குழாய்க்குள், தண்டவாளத்தைத் தொடாமல் மிதந்துகொண்டு மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்குப் பக்கத்தில் பறக்கும் வண்டி. அதைச் சோதித்துப் பார்க்கும் குழாய் எங்கே இருக்கிறது தெரியுமா? அமெரிக்காவில் அல்ல, ஜப்பானில் அல்ல. நாங்கள் பேருந்துக்குக் காத்திருந்த அதே சிறுசேரியைத் தாண்டி, கேளம்பாக்கத்துக்கு அந்தப்பக்கம், தையூரில்!

அன்று நான் சிறுசேரி போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் போனால் தூரம் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான். அந்த அக்காவின் அரை நாள் சம்பளம் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. நான் படிப்பது மெக்கானிக்கல், பிடித்தது வரலாறு. எனவே பேருந்தில் நின்றுகொண்டே யோசித்தேன். நம் ஊருக்கு 'எதிர்காலம்' வருவது இது முதல் தடவையா? வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினால், இருநூறு வருடத்தில் ஐந்தாறு தடவை வந்துவிட்டுப் போயிருக்கிறது. சிலது தங்கியது, சிலது எட்டிப் பார்த்ததோடு சரி. எது தங்கியது, எது தங்கவில்லை, ஏன்? அதுதான் இந்தக் கட்டுரை.

1. தண்ணீர் நெடுஞ்சாலை

ஓ.எம்.ஆரிலிருந்து கிழக்கே கொஞ்சம் நடந்தால் பக்கிங்காம் கால்வாய் வரும். இன்றைக்கு அதைப் பார்த்தால் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தத்தான் தோன்றும். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பகுதியின் எக்ஸ்பிரஸ்வே அதுதான்.

1806-ல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டியதில் கதை தொடங்குகிறது. அப்போது அதன் பெயரே காக்ரேன் கால்வாய்தான். பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டு வடக்கேயும் தெற்கேயும் நீட்டிக்கொண்டே போனது. கடைசியில் வடக்கே ஆந்திரக் கடற்கரையின் பெத்த கஞ்சாமிலிருந்து தெற்கே மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர். கடற்கரையை ஒட்டியே, கடல் அலைக்குப் பயப்படாமல் படகு ஓட்ட ஒரு வழி.

சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் எட்டு கிலோமீட்டர் துண்டு மட்டும் 1877-78-ல் வெட்டப்பட்டது. வருடத்தைக் கவனியுங்கள். அது தாது வருடப் பஞ்சத்தின் காலம். சோற்றுக்கு வழியில்லாமல் நகரத்துக்கு ஓடிவந்த ஜனங்களுக்குப் பஞ்ச நிவாரண வேலை என்று கொடுக்கப்பட்ட மண்வெட்டி வேலையில் உருவானதுதான் அந்தத் துண்டு. அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு வந்தது. வெட்டியவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது.

இந்தக் கால்வாயில் உப்பு வந்தது, விறகு வந்தது. காற்று சாதகமாக இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கழி ஊன்றுவார்கள், அல்லது கரையில் ஆட்கள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டே நடப்பார்கள். மாமல்லபுரம் பார்க்க ஆசைப்பட்ட பயணிகள் இரவில் படகில் ஏறிப் படுத்துவிட்டு விடியற்காலையில் போய் இறங்கினார்கள். நடைவேகம்தான். ஆனாலும் மாட்டு வண்டியோடு ஒப்பிட்டால் ஒரு படகு சுமக்கும் சுமை எத்தனையோ மடங்கு. அன்றைய கணக்குக்கு அது பெரிய தொழில்நுட்பம்.

அப்புறம் ரயில் வந்தது, லாரி வந்தது. 1965, 1966 புயல்கள் கால்வாயைச் சேதப்படுத்தின. தூர் வாருவது குறைந்தது, சாக்கடை கலந்தது. நகரத்துக்குள் பறக்கும் ரயிலுக்கு இடம் தேடியபோது கால்வாய்க்குள்ளேயே தூண்களை நட்டார்கள். 2008-ல் இதையும் சேர்த்துத் தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்தார்கள். ஆனால் சென்னைக்குள் பழையபடி ஒரு சரக்குப் படகும் ஓடவில்லை.

ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது கரையேறி வந்த தண்ணீரின் ஒரு பகுதியைப் பல இடங்களில் இந்தக் கால்வாய்தான் வாங்கிக்கொண்டது. நாம் மறந்துவிட்ட பழைய 'எதிர்காலம்' ஒன்று, யாரும் கேட்காமலே ஒரு உதவி செய்துவிட்டுப் போனது.

2. மின்சாரத்தில் ஓடிய இரண்டு வண்டிகள்

சென்னையில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது 1895 மே 7. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அது. லண்டன் தெருக்களில் மின்சார டிராம் சேவை வந்தது 1901-ல்தான். அதாவது இந்த ஒரு விஷயத்தில் ஆண்டவர்களின் தலைநகரத்தை மெட்ராஸ் முந்திவிட்டது!

முதலில் மின்சாரம் தரைக்கு அடியில் உள்ள ஒரு பள்ளம் வழியாகக் கொடுக்கப்பட்டது. தலைக்கு மேல் கம்பி இல்லாததால் பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை மழை யாருக்குக் காத்திருக்கும்? பள்ளத்தில் தண்ணீர் புகுந்தால் கதை முடிந்தது. ஒவ்வொரு மழைக்காலமும் பாடம் புகட்ட, கடைசியில் மேல்கம்பிக்கு மாறினார்கள். ஐரோப்பியத் தெருவுக்காக யோசித்த ஒன்றைச் சென்னைத் தெருவுக்கு ஏற்றபடி மாற்றவேண்டி வந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டிராம் 1953 ஏப்ரலில் நின்றுபோனது. கம்பெனி நஷ்டத்தில் மூழ்கிவிட்டது. பேருந்துகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

இரண்டாவது வண்டி, எங்கள் ஊர் வண்டி. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில். 1931 மே 11 முதல் மக்கள் பயணத்துக்கு வந்தது. மும்பையில் 1925-ல் மின்சார ரயில் வந்தது. அதற்கு அடுத்த நகரம் நம்முடையது. மீட்டர் கேஜ் பாதை, 1500 வோல்ட் நேர் மின்சாரம். 1960-களில் 25,000 வோல்ட் மாறு மின்சாரத்துக்கு மாற்றினார்கள். 2004-ல் மீட்டர் கேஜ் போய் முழுக்க அகலப் பாதை ஆயிற்று. தண்டவாளம் மாறியது, மின்சாரம் மாறியது, பெட்டி மாறியது. சேவை மட்டும் நிற்கவில்லை.

இந்த மீட்டர் கேஜ் வண்டியில் முப்பது வருடம் வேலைக்குப் போனவர் என் தாத்தா. பாரிமுனையில் ஒரு கடையில் கணக்கு எழுதினார். அவரிடம் ஹைபர்லூப் வீடியோவைக் காட்டினேன். முழுக்கப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அடுத்த வண்டி எப்போ?"

எனக்கு முதலில் புரியவில்லை. "தாத்தா, இது ஆயிரம் கிலோமீட்டர் வேகம்" என்றேன். "வேகம் இருக்கட்டும்டா. ஒண்ண விட்டுட்டா அடுத்தது எப்போ வரும்? அதச் சொல்லு. நான் வீடு தாம்பரத்துல வாங்கினதே பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி வரும்ங்கிற தைரியத்துலதான்" என்றார்.

யோசித்துப் பாருங்கள். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் எல்லாம் இன்றைக்கு இருக்கும் விதமாக வளர்ந்ததற்கு ரயிலின் வேகம் காரணமில்லை. அந்த வண்டி ஒன்றும் பெரிய வேகக்காரி அல்ல. அடிக்கடி வந்தது, மலிவாக இருந்தது, மூட்டை முடிச்சோடு ஏறலாம். பூக்காரம்மா கூடையோடு ஏறுவார், கிளார்க் கேரியரோடு ஏறுவார். அதை நம்பி லட்சக்கணக்கான பேர் மனை வாங்கினார்கள்.

3. பல்லாவரத்தில் பறந்தவர்

தென்புறநகரின் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. 1909 ஜூலையில் பிரான்ஸ் நாட்டு லூயி பிளெரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்தார். உலகமே வாயைப் பிளந்தது. அதைக் கேள்விப்பட்டவர்களில் ஒருவர் மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த ஜாகோமோ டி ஏஞ்சலிஸ். 'நாமும் ஒன்று செய்து பார்த்தால் என்ன?' என்று அவருக்குத் தோன்றிவிட்டது. சிம்சன் கம்பெனியில் கொடுத்து விமானம் கட்ட வைத்தார். பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்தார். பிறகு 1910 மார்ச்சில் தீவுத்திடலில் மக்கள் முன் பறந்து காட்டினார் என்று சென்னை வரலாற்றைத் தொகுத்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆசியாவிலேயே முதல் விமானப் பறப்பு இதுதான் என்று வாதிடுபவர்களும் உண்டு.

ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு ஓட்டல்காரர் நம் ஊரில் பறந்துவிட்டார்! ஆனால் அதற்கு அப்புறம்? அவருடைய விமானத்திலிருந்து ஒரு தொழில் பிறக்கவில்லை. 1932 அக்டோபரில் டாடாவின் தபால் விமானம் கராச்சியில் கிளம்பி பம்பாய் வழியாகச் சென்னை வந்து சேர்ந்தபோதுதான் இங்கே விமானம் என்பது ஒரு சேவையாக மாறத் தொடங்கியது. வேடிக்கை காட்டுவதற்கும் தினமும் ஓட்டுவதற்கும் நடுவில் இருபத்திரண்டு வருடம்.

இன்றைக்கு ஐ.ஐ.டி. மெட்ராஸில் பிறந்த இ-பிளேன் என்ற நிறுவனம் மின்சாரப் பறக்கும் டாக்சி செய்யும் முயற்சியில் இறங்கியிருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு டி ஏஞ்சலிஸ்தான் நினைவுக்கு வந்தார். பறப்பது முதல் படி. ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போகவேண்டிய ஒருவர் கூப்பிட்டால் வருமா என்பது கடைசிப் படி. நடுவில் உள்ள படிகளைப் பற்றி எந்த வீடியோவும் வருவதில்லை.

4. வராத மோனோ ரயில்

எங்கள் வயதுக்காரர்கள் சின்ன வயதில் கேட்ட வார்த்தை: மோனோ ரயில். ஒற்றைத் தண்டவாளத்தின் மேல் வளைந்து வளைந்து போகும் வண்டி. 2006-ல் முதலில் பேசப்பட்டது. ஆட்சி மாறியது, திட்டம் மெட்ரோவாக மாறியது. 2011-ல் மறுபடி ஆட்சி மாறியது, மோனோ ரயிலும் மறுபடி வந்தது. இந்த முறை நான்கு தடங்கள், மொத்தம் 111 கிலோமீட்டர். அதில் எங்களுக்கு முக்கியமானவை இரண்டு: வண்டலூர் - வேளச்சேரி 23 கிலோமீட்டர், வண்டலூர் - புழல் 54 கிலோமீட்டர்.

வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். தாம்பரம் பக்கம் மனை விற்பவர்கள் இன்னும் அதிகமாகச் சந்தோஷப்பட்டார்கள். 'மோனோ ரயில் நிலையம் அருகில்' என்று போட்ட துண்டுப் பிரசுரம் ஒன்றை எங்கள் அப்பா வெகுநாள் பீரோவில் வைத்திருந்தார். அந்த மனையை வாங்காதது நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் ஒரு தூண்கூட எழும்பவில்லை. 2014-ல் பூந்தமல்லி - கத்திப்பாரா தடத்துக்கு மத்திய அரசின் கொள்கை அளவிலான ஒப்புதல் வந்தது. அதோடு சரி. கடைசியில் பூந்தமல்லிக்கு மெட்ரோ என்று முடிவாயிற்று.

மோனோ ரயில் மோசமான தொழில்நுட்பம் என்று நான் சொல்லவரவில்லை. டோக்கியோவில் 1964-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே நடந்தது வேறு. பத்து வருடத்துக்கு மேல் 'வருகிறது, வருகிறது' என்ற பேச்சிலேயே போனது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயிலை நீட்டும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் ஐந்து கிலோமீட்டர். 2008-ல் தொடங்கியது. ஆதம்பாக்கம் பக்கம் சுமார் அரை கிலோமீட்டர் நிலம் கிடைக்காமல் பதினைந்து வருடத்துக்கு மேல் இழுத்தது. புதிய வார்த்தைகளுக்குக் கிடைத்த கவனத்தில் கால்வாசி அந்த அரை கிலோமீட்டருக்குக் கிடைத்திருந்தால் என்று சில சமயம் தோன்றும்.

5. இப்போது குழாய்

சரி, ஹைபர்லூப்புக்கு வருவோம். குழாய்க்குள் காற்றழுத்தத்தை வைத்து வண்டி ஓட்டும் யோசனை புதிதே அல்ல. இங்கிலாந்தில் ஜார்ஜ் மெட்ஹர்ஸ்ட் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை எழுதிவிட்டார். 1847-ல் புகழ்பெற்ற பொறியாளர் புருனெல் தெற்கு டெவன் பகுதியில் ஓட்டியே காட்டினார். தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு குழாய், அதிலுள்ள காற்றை உறிஞ்சினால் வண்டி முன்னால் இழுக்கப்படும். குழாயின் மேல்பிளவை மூடியிருந்தது தோல் பட்டை. அது காய்ந்தது, கிழிந்தது, காற்று கசிந்தது. ஒரு வருடத்துக்குள், 1848 செப்டம்பரில், மூட்டை கட்டிவிட்டார்கள். 1870-ல் நியூயார்க்கில் ஆல்ஃபிரட் பீச் என்பவர் நிலத்தடியில் சுமார் நூறு மீட்டர் குழாய் ரயில் ஓட்டினார். ஜனங்கள் காசு கொடுத்து ஏறிப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் அதுவும் மூடப்பட்டது.

2013 ஆகஸ்டில் ஈலான் மஸ்க் ஓர் அறிக்கை வெளியிட்டார். லாஸ் ஏஞ்சலிஸ் - சான் பிரான்சிஸ்கோ 35 நிமிடம் என்றார். உலகம் முழுக்கக் கம்பெனிகள் முளைத்தன. 2017-ல் ஆந்திராவில் விஜயவாடா - அமராவதிக்கு ஓர் ஒப்பந்தம், மகாராஷ்டிராவில் மும்பை - புனேவுக்கு இன்னோர் ஒப்பந்தம். 2020 நவம்பரில் அமெரிக்காவின் நெவாடாவில் 500 மீட்டர் குழாயில் முதல் முறையாக இரண்டு மனிதர்கள் பயணம் செய்தார்கள். எட்டிய வேகம் மணிக்கு 172 கிலோமீட்டர். அதை நடத்திக்காட்டிய அந்தப் பெரிய கம்பெனி 2023 கடைசியில் கடையைச் சாத்தியது. புனேவுக்குக் குழாய் வரவே இல்லை.

நம் ஊர்க் கதை இதிலிருந்து கொஞ்சம் வேறு. 2017-ல் ஐ.ஐ.டி. மெட்ராஸ் மாணவர்கள் 'ஆவிஷ்கார்' என்று ஓர் அணி அமைத்தார்கள். 2019-ல் அமெரிக்காவில் நடந்த ஸ்பேஸ்எக்ஸ் போட்டியின் இறுதிச் சுற்றுக்குப் போன ஒரே ஆசிய அணி அது. 2022-ல் ரயில்வே அமைச்சகம் 8.34 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2024 டிசம்பருக்குள் தையூரில் உள்ள டிஸ்கவரி வளாகத்தில் 422 மீட்டர் நீளச் சோதனைத் தடம் தயாரானது. 2025 மார்ச்சில் ரயில்வே அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் வந்து பார்த்துவிட்டுப் போனார். என் வயதுப் பையன்களும் பெண்களும் இதைச் செய்திருக்கிறார்கள். பெருமையாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது :-)

ஆனால் பெருமைப்படுவது வேறு, கணக்குப் போடுவது வேறு. பள்ளிக்கூடக் கணக்குதான், பயப்படாதீர்கள்.

மணிக்கு 1000 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு சுமார் 278 மீட்டர். அந்த வேகத்தில் 422 மீட்டர் குழாயை ஒன்றரை நொடியில் கடந்துவிடலாம். ஆனால் அந்த வேகத்தை எட்டுவது எப்படி? பயணிக்குத் தலை சுற்றாமல், நொடிக்கு நொடி 2 மீட்டர் வீதம் வேகம் கூட்டினால், ஆயிரத்தைத் தொடவே 19 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். நிறுத்த இன்னொரு 19. அதாவது வேகம் எடுக்கவும் குறைக்கவும் மட்டும் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டைத் தாண்டிப் போகும் தூரம். தையூர்க் குழாயில் பாதி தூரம் வேகம் கூட்டி, மீதிப் பாதியில் அதே வீதத்தில் பிரேக் போட்டால் எட்டக்கூடியது மணிக்கு நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆள் இல்லாத வண்டியை இன்னும் வேகமாகத் தள்ளலாம் என்பது வேறு விஷயம். ஆக, அந்தக் குழாய் மிதப்பது, தள்ளுவது, நிறுத்துவது, வெற்றிடம் பிடிப்பது என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கும் ஆய்வுக்கூடம். 'சென்னை - பெங்களூர் 30 நிமிடம்' என்பது அதில் நிரூபிக்கப்பட்ட ஒன்றல்ல.

அடுத்தது வெயில். நம் ஊர் வெயில்! இரும்பு சூடானால் நீளும் என்பது ஏழாம் வகுப்புப் பாடம். 350 கிலோமீட்டர் எஃகுக் குழாய் ஒரே ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 4 மீட்டர் நீளும். விடியற்காலைக்கும் மத்தியானத்துக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்றால் 84 மீட்டர். விரிவுக்கு இடம் கொடுக்கும் இணைப்புகள் வைக்கலாம், பாலங்களில் வைக்கிறார்களே. ஆனால் இங்கே ஒவ்வொரு இணைப்பும் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். குழாயின் ஒவ்வொரு சதுர மீட்டர் மேலும் வெளிக்காற்று சுமார் பத்து டன் எடையோடு அழுத்திக்கொண்டே இருக்கும். புருனெலின் தோல் பட்டை ஞாபகம் வருகிறதா? டிராம் பள்ளத்தில் புகுந்த மழைத் தண்ணீர்? ஒரு நாள் ஓட்டிக் காட்டுவதை விடப் பல வருடம் கசியாமல் பார்த்துக்கொள்வது கஷ்டம்.

கடைசியாகத் தாத்தாவின் கேள்வி: அடுத்த வண்டி எப்போ? மஸ்க்கின் அறிக்கைப்படி ஒரு வண்டியில் 28 பேர், சராசரியாக இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி. ஒரு மணி நேரத்துக்கு 840 பேர். காலை எட்டரை மணிக்குத் தாம்பரத்தில் வந்து நிற்கும் ஒரே ஒரு மின்சார ரயில் அதைவிட அதிகம் பேரை ஏற்றிக்கொண்டு போகிறது. அதுவும் பத்து ரூபாய் டிக்கெட்டில்.

6. அப்படியானால் குழாய் வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது "மாணவர்கள் வேலையைக் கிண்டல் பண்றான்" என்று நினைத்தால் வருத்தப்படுவேன். ஆய்வு என்பது இப்படித்தான் நடக்கும். இதே ஐ.ஐ.டி.யில் படித்த இருவர் 2013-ல் தொடங்கிய ஏத்தர் மின்சார ஸ்கூட்டர் இன்றைக்கு எங்கள் தெருவிலேயே ஓடுகிறது. தண்டவாளத்தைத் தொடாத வண்டிக்காகச் செய்யும் மோட்டாரும் பிரேக்கும் நாளைக்கு வேறு எங்காவது பயன்படலாம். 8.34 கோடி ரூபாய் இன்றைய பாலங்கள், சாலைகளின் செலவுக்கு முன்னால் ரொம்பச் சின்னத் தொகை. அதைச் செலவழித்துக் கற்றுக்கொள்வது நல்லதே.

என் கவலை வேறு. ஆய்வை ஆய்வாகச் சொல்லாமல் அறிவிப்பாகச் சொல்லும்போது, நாம் கேட்க வேண்டிய கேள்விகளை மறந்துவிடுகிறோம். சிறுசேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2008-ல் திறந்த ராஜீவ் காந்தி சாலையின் ஆறுவழிப் பகுதி மத்திய கைலாசத்தில் தொடங்கி சிறுசேரியில் முடிந்தது. சுமார் இருபது கிலோமீட்டர். சிப்காட்டில் ஆயிரக்கணக்கில் வேலை வந்தது. வேலை வந்த இடத்துக்கு ரயில் மட்டும் வரவில்லை. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரையிலான மெட்ரோ தடம் இரண்டாம் கட்டத்தில் இடம்பெற்றது. 45 கிலோமீட்டருக்கு மேல் நீளம். அடிக்கல் நாட்டியது 2020 நவம்பர். 118.9 கிலோமீட்டருக்கான அந்த முழுக் கட்டத்துக்கும் மத்திய அமைச்சரவை 63,246 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது 2024 அக்டோபர். சாலை திறந்து பதினாறு வருடம் கழித்து!

இந்தப் பதினாறு வருடமும் சிறுசேரிக்கு ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். பெரிய சம்பளக்காரர்களுக்குக் கம்பெனி பஸ், கார். துப்புரவு செய்பவர்கள், கேன்டீனில் பாத்திரம் கழுவுபவர்கள், காவலாளிகள் எல்லோருக்கும் பேருந்து நிறுத்தமும் ஷேர் ஆட்டோவும். நான் ஆரம்பத்தில் சொன்ன அந்த அக்கா போல.

எனவே அடுத்த முறை எந்தப் புது வண்டி அறிவிப்பு வந்தாலும் மூன்று கேள்வி கேட்பதாக முடிவு செய்திருக்கிறேன். யார் ஏறலாம், என்ன டிக்கெட்? நம் மழைக்கும் வெயிலுக்கும் இதைப் பராமரிப்பது யார், எந்தக் காசில்? ஒன்றை விட்டால் அடுத்தது எப்போது? கால்வாய் இரண்டாவது கேள்வியில் தோற்றது. டிராமும் அதில்தான் தடுமாறியது. மோனோ ரயில் பரீட்சைக்கே வரவில்லை. 1931-ல் வந்த எங்கள் மின்சார ரயில் மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தையூர்க் குழாய் என்ன பதில் சொல்லும் என்று பார்க்க எனக்கும் ஆசைதான். அங்கே ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும். தாத்தாவையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று கேட்டேன். "வர்றேன். ஆனா அங்க போக பஸ் இருக்கா?" என்றார்.

இருக்கிறது தாத்தா. ஆனால் கொஞ்சம் சீக்கிரமே கிளம்ப வேண்டும்.